போர்வீரர் நினைவிசையில் வீட்டின் இடம்: ஒரு மதிப்பீடு

போர்வீரர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் போற்றும் இசை பல நாடுகளில் அரசு விழாக்களின் பகுதியாக உள்ளது. இந்தியாவில் இவ்வகை இசையின் பெரிய மேடை, ஆண்டுதோறும் ஜனவரி 29ஆம் நாள் புதுதில்லி விஜய் சவுக்கில் நடைபெறும் ‘பாசறை திரும்பும் நிகழ்ச்சி’ ஆகும். தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றின் பேண்டு குழுக்கள் அதில் ஒன்றுசேர்ந்து வாசிக்கின்றன. அந்த இசையில் வீரரின் வீட்டாருக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இக்கேள்வி தில்லிக்கு மட்டும் உரியது அன்று. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. குமாரலிங்கபுரம் போன்ற ஊர்களில் மழை பொய்த்துவிட்டால் இளைஞர்கள் வேறு பிழைப்புத் தேட வேண்டும். பட்டாளம் அவற்றுள் ஒன்று. எல்லையில் ஒருவர் காவல் நிற்க, ஊரில் அவர் மனைவி பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார், கடனை அடைக்கிறார், மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார். வீரரைப் போற்றும் இசை இவரையும் கணக்கில் கொள்ள வேண்டும் அல்லவா?

பழந்தமிழ் தரும் அளவுகோல்

பல கருவிகள் சேர்ந்து ஒலிப்பதற்குத் தமிழில் ‘பல்லியம்’ என்ற பழைய சொல் உண்டு. ஆர்க்கெஸ்ட்ரா என்று இன்று நாம் சொல்வதற்கு நெருங்கிய சொல் அது. அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281ஆம் பாடலில் யாழோடு பல இயங்கள் முழங்குகின்றன. அவை முழங்கும் இடம் போர்க்களம் அன்று, அரசவையும் அன்று. போரில் புண்பட்டுத் திரும்பிய வீரனின் வீடு. வாசலில் இரவ இலையும் வேப்பிலையும் செருகுகிறார்கள். வெண்கடுகு தூவி, ஆம்பல் குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்புகிறார்கள். வீட்டுப் பெண் தன் தோழியரை அழைத்து, அவன் புண்ணைக் காப்போம் என்கிறாள். இங்கே இசை வீரனைப் புகழ்வதற்காக ஒலிக்கவில்லை. அவனைப் பிழைக்க வைப்பதற்காக ஒலிக்கிறது. அதை நடத்துபவர்களும் பெண்களே.

தொல்காப்பியர் இதை இலக்கணமாகவே வகுத்துள்ளார். வெட்சித் திணையில், இறந்த வீரனுக்கு நடுகல் எடுப்பதை ஆறு நிலைகளாகச் சொல்கிறார்: கல்லைக் காண்பதில் தொடங்கி வாழ்த்துவதில் முடிகிறது அது. இது ஊர் செய்யும் மரியாதை. காஞ்சித் திணையிலோ புண்பட்ட கணவனை மனைவி காக்கும் தொடாக்காஞ்சியும், கணவனை இழந்தவள் சுரத்தில் தனித்துப் புலம்பும் முதுபாலையும், அவள் நோன்பிருக்கும் தாபத நிலையும், பிறர் செயலற்று இரங்கும் கையறுநிலையும் தனித்தனித் துறைகளாக நிற்கின்றன. ஊரின் வாழ்த்து வேறு, வீட்டின் துயர் வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதே இப்பகுப்பின் பொருள். இன்றைய நினைவிசையை அளக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் தேவையில்லை.

பாசறை திரும்பும் நிகழ்ச்சியின் இசை

சூரியன் மறையும் நேரத்தில் போரை நிறுத்தி, கொடியை இறக்கி, படைகள் பாசறைக்குத் திரும்பிய பழைய வழக்கமே இந்நிகழ்ச்சியின் மூலம். இந்தியக் குடியரசில் இது 1950களில் தொடங்கியது. நிகழ்ச்சியின் பெரும்பகுதி நடைமெட்டுகளால் ஆனது. முரசும் பித்தளைக் கருவிகளும் பேக்பைப்பும் கால்களை ஒரே சீராக நடக்க வைக்கின்றன. முடிவில் பியூகிள் ஒலிக்கிறது, கொடிகள் இறங்குகின்றன, ‘சாரே ஜஹான் சே அச்சா’ மெட்டோடு குழுக்கள் திரும்பிச் செல்கின்றன.

இந்த வரிசையில் பல்லாண்டுகளாக ஒரே ஒரு பகுதி வேறுபட்டு நின்றது. காந்தியடிகளுக்குப் பிடித்த ‘அபைட் வித் மீ’ என்ற கிறித்தவப் பாடலின் மெட்டு அது. ஹென்றி பிரான்சிஸ் லைட் எழுதிய பாடலுக்கு வில்லியம் ஹென்றி மங்க் 1861இல் அமைத்த மெட்டு. பேண்டு மெதுவாக வாசிக்க, தொலைவிலிருந்து குழாய் மணிகள் பதில் சொல்லும். நிகழ்ச்சி முழுவதிலும் கால்களை நடக்கச் சொல்லாத இசை அது ஒன்றே. கேட்பவர் மனத்தில் அந்த இடத்தில்தான் இறந்தவர் நினைவு வந்தது.

2022இல் அந்த மெட்டு நீக்கப்பட்டு, ‘ஏ மேரே வதன் கே லோகோ’ பாடலின் மெட்டு சேர்க்கப்பட்டது. அந்நிய மெட்டு போய் நம் மெட்டு வந்தது என்றனர் ஒரு சாரார். மரபு அறுந்தது என்றனர் மறு சாரார். இரு தரப்பும் மெட்டு யாருடையது என்றே வாதிட்டன. அது யாருக்காக ஒலிக்கிறது என்ற கேள்வி பெரிதாக எழவில்லை.

1963ஆம் ஆண்டுப் பாடல்

புதிதாக வந்த பாடல் எளிய தேர்வு அன்று. 1962 சீனப் போரில் உயிர்நீத்தவர்களுக்காகக் கவிஞர் பிரதீப் எழுதி, சி. ராமச்சந்திரா இசையமைத்து, 1963 ஜனவரி 27 அன்று தில்லியில் பிரதமர் நேருவின் முன்னிலையில் லதா மங்கேஷ்கர் பாடியது. நம் கச்சேரிகளில் விருத்தம் பாடுவதுபோல, தாளக்கட்டு இல்லாத ஒரு பகுதியோடு அது தொடங்குகிறது. வீடு திரும்பாதவர்களை நினைக்கச் சொல்கிறது. சீக்கியர், ஜாட், மராட்டியர், கூர்க்கா ஆகியோரோடு ‘மதராசி’யையும் பெயர் சொல்லி அழைத்து, அனைவரும் இந்தியரே என்கிறது. அந்த ஒரு சொல்லில் நம் ஊர்ப் பட்டாளத்துக்காரரும் அடங்குகிறார்.

ஆனால் அப்பாடலின் வலிமை சொற்களில் இருக்கிறது. பேண்டு வாசிக்கும்போது சொற்கள் இல்லை. இந்தி தெரிந்தவர் மனத்துக்குள் சொற்களைப் பாடிக்கொள்வார். தெரியாத ஒரு தமிழ்த் தாய்க்கு அது இனிய சோக மெட்டு மட்டுமே. பழைய மெட்டுக்கும் இதே குறை உண்டு. மேலும் இரண்டும் வீட்டோடு பேசவில்லை. ஒன்று இறைவனிடம் வேண்டுகிறது, மற்றது நாட்டு மக்களிடம் வேண்டுகிறது. தொல்காப்பியர் சொற்களில் சொன்னால், வாழ்த்தும் கையறுநிலையும் கிடைக்கின்றன, முதுபாலைக்கு இடமில்லை.

இப்பாடலின் பின்கதை மற்றொரு பாடம். பாடலால் வரும் உரிமத்தொகையைப் போர் விதவைகளுக்கு அளிப்பதாகப் பிரதீப் அறிவித்திருந்தார். அது உரியவர்களுக்குச் சேரவில்லை என்று வழக்கு நடந்து, 2005இல் மும்பை உயர்நீதிமன்றம் 10 லட்சம் ரூபாயை இராணுவ நல நிதிக்குச் செலுத்துமாறு இசைத்தட்டு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நாடே கண்ணீர்விட்ட பாடலின் பணம் விதவைகளை நோக்கி நகர 40 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இசையில் குடும்பத்தை நினைப்பதும் நடைமுறையில் நினைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே சான்று.

ஓர் ஒப்பீடு: பிரிட்டனின் படைப்பு

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் இயற்றிய ‘வார் ரெக்வியம்’ (போரில் இறந்தோருக்கான இரங்கல் இசை) 1962 மே 30 அன்று கவென்ட்ரி தேவாலயத்தில் அரங்கேறியது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் அழிந்த பழைய தேவாலயத்தின் அருகே புதிதாகக் கட்டப்பட்டது அது. பிரிட்டன் தம் இசையை அடுக்குகளாகப் பிரித்தார். பெரிய பல்லியமும் பாடகர் குழுவும் லத்தீன் வழிபாட்டைப் பாடுகின்றன. சிறிய இசைக்குழு ஒன்றோடு இரு ஆண் குரல்கள் வில்பிரட் ஓவன் என்ற போர்வீரக் கவிஞரின் கவிதைகளைப் பாடுகின்றன. தொலைவிலிருந்து சிறுவர் குரல்கள் கேட்கின்றன. சடங்கின் குரலும் தனிமனிதக் குரலும் ஒன்றாகக் கலந்துவிடாமல் அருகருகே நிற்பதே அதன் சிறப்பு.

ஓவன் 1918 நவம்பர் 4 அன்று, போர் முடிய ஒரு வாரம் இருக்கையில் இறந்தார். போர் நின்றதைக் கொண்டாடி ஊர் மணிகள் அடித்துக்கொண்டிருந்த நாளில்தான் அந்தத் தந்தி அவர் தாயின் கைக்கு வந்தது. ஊரின் இசையும் வீட்டின் ஓசையும் எவ்வளவு விலகி நிற்க முடியும் என்பதை இச்செய்தி காட்டுகிறது.

மதிப்பீடு

நடைமெட்டு அழ வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. படையின் ஒழுங்குக்கு அது தேவை. படைவிழாவில் துயரத்தை நுழைத்தால் வீரம் குன்றும் என்ற வாதத்திலும் பொருள் உண்டு. அதற்கான விடையும் பழைய பகுப்பிலேயே இருக்கிறது: இரண்டையும் கலக்க வேண்டாம், இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுங்கள்.

நம் ஊர்களில் இது தானாகவே நடக்கிறது. தேசியக் கொடி போர்த்திய பெட்டி ஊருக்குள் வரும்போது முதலில் எழுவது பெண்களின் ஒப்பாரி. மயானத்தில் பியூகிள் ஒலிக்கும் சில நிமிடங்கள் ஊர் அமைதியாகிறது. பின் மீண்டும் ஒப்பாரி. அரசின் இசையும் வீட்டின் இசையும் ஒன்றுக்கொன்று வழிவிடுகின்றன. தில்லி நிகழ்ச்சியில் இருப்பது பியூகிள் மட்டுமே.

ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் நம் நாட்டுப்புற மரபில் நெருங்கிய உறவு உண்டு. பெற்ற பிள்ளையைத் தூங்கவைத்த அதே குரல்தான் அவனுக்காக அழுகிறது. இந்தியாவின் ஒவ்வொரு மொழியிலும் தாலாட்டு இருக்கிறது. நடைமெட்டுகள் ஓய்ந்தபின், ஆண்டுக்கு ஒரு வட்டாரத்தின் தாலாட்டு மெட்டை ஒற்றைக் குழலிலோ நாகசுரத்திலோ வாசித்தால், சொல் புரியாதவருக்கும் அது வீட்டின் குரல் என்று புரியும். பெரிய அளவில் எழுதவும் ஆள் இல்லாமல் இல்லை. 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றிய இளையராஜா, மதுரைப் பக்கத்துக் கிராமிய இசையிலிருந்து புறப்பட்டவர்.

‘அபைட் வித் மீ’ நீங்கியது சரியா தவறா என்ற விவாதம் இன்னும் நடக்கலாம். ஆனால் மெட்டை மாற்றியதால் பெரிய இழப்போ பெரிய ஆதாயமோ வந்துவிடவில்லை என்பதே இக்கட்டுரையின் முடிவு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வீரனின் வீட்டு முற்றத்தில் ஒலித்த பல்லியத்துக்கு அரசு விழாவில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. மாணவர்கள் அடுத்த ஜனவரி 29இல் தொலைக்காட்சியில் நிகழ்ச்சியைக் காணும்போது, ஒவ்வொரு மெட்டும் யாரை நோக்கி ஒலிக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.