தங்கத்தின் மேல்தோலைப் படிக்கும் கருவி

பழைய சங்கிலியை விற்கப் போனால் நகைக்கடையில் அதை ஒரு கருவிக்குள் வைத்து மூடுகிறார்கள். சிறிது நேரத்தில் தங்கம் 91.2, செம்பு 5.1, வெள்ளி 3.7 என்பதுபோல ஒரு சீட்டு வருகிறது. அதற்குமேல் பேச்சில்லை, விலை அந்த எண்ணில் நிற்கிறது. கடைக்காரர்கள் கேரட் மெஷின் என்று சொல்லும் இது எக்ஸ் கதிர் ஒளிர்வு நிறமாலைமானி. நல்ல கருவிதான். ஆனால் அதற்கு நாம் கொடுத்திருக்கும் அதிகாரம் அதன் தகுதியை மீறியது என்பது என் கருத்து.

எக்ஸ் கதிர் பட்டதும் அணுவின் உட்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் வெளியேறுகிறது. அந்த வெற்றிடத்தை மேல்கூட்டு எலக்ட்ரான் வந்து நிரப்பும்போது, அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றலுடன் ஒரு கதிர் பிறக்கிறது. செம்பு என்றால் 8.05 கிலோ எலக்ட்ரான் வோல்ட், தங்கம் என்றால் 9.71. அணு எண்ணுக்கும் இந்த ஆற்றலுக்கும் உள்ள உறவை ஹென்றி மோஸ்லி 1913இல் கண்டறிந்தார். நகையைச் சுரண்ட வேண்டாம், அமிலம் வேண்டாம், கலந்திருக்கும் உலோகங்கள் எவை என்று ஒரே மூச்சில் தெரிந்துவிடும். உரைகல்லால் இது முடியாது.

குறை ஆழத்தில் இருக்கிறது. தங்கம் கனமான உலோகம். உள்ளே பிறக்கும் கதிரைத் தானே விழுங்கிவிடும். அதனால் கருவிக்கு எட்டுவது மேற்பரப்பிலிருந்து சுமார் 10 மைக்ரான் மட்டுமே, தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. கெட்டியாக முலாம் பூசிய வெள்ளி அதற்குப் பொன்னாகவே தெரியும். அமிலத்தில் போட்டு மெருகேற்றிய நகையின் மேற்பரப்பில் செம்பு கரைந்துபோய், உள்ளே இருப்பதைவிட மாற்று உயர்ந்து காட்டும். கதிர் விழும் புள்ளியோ மிகச் சிறியது. பற்றவைத்த இடத்தில் விழுந்தால் ஓர் எண், வளையத்தின் நடுவில் விழுந்தால் வேறோர் எண். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் முதலில் அரத்தால் ஒரு வெட்டு போட்டு, அதன் பிறகே கல்லில் உரசுவார். மேல்தோலை நம்பக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

உலையில் வைத்துச் சோதிக்கும் ஃபயர் அஸே முறைதான் இன்றும் இறுதி நடுவர். துளி தங்கத்தோடு வெள்ளி சேர்த்து, ஈயத்தாளில் சுற்றி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கினால் ஈயமும் செம்பும் கிண்ணத்தில் ஊறிப்போகும். வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டு மிஞ்சுவதை எடை போடுவார்கள். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த பிழை. இந்தியாவில் 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமான ஹால்மார்க் முறையிலும் நிறமாலைக் கருவி முதல்கட்டச் சோதனைக்கே, தீர்ப்பு உலையிடம்.

அப்படியானால் கருவியைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. உலைக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. இரிடியம், ருத்தேனியம் பொடிகளைக் கலந்தால் அவை நைட்ரிக் அமிலத்தில் கரையாமல் தங்கத்தோடு தங்கி, தங்கமாகவே எடையில் ஏறும். இந்த ஏமாற்றைப் பிடிப்பது நிறமாலைதான். அதிலும் இரிடியத்தின் 9.18 கோடு தங்கத்தின் 9.71 கோட்டை ஒட்டியே நிற்கிறது. மலிவான வாயு நிரப்பிய உணர்வி இரண்டையும் ஒரே மேடாகக் காட்டிவிடும். சிலிக்கான் உணர்வி பிரித்துக் காட்டும். கடையில் இருப்பது எந்த வகை என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

பிழையின் விலையையும் பார்க்கலாம். ஆயிரத்தில் ஐந்து பங்கு தவறினால் ஒரு சவரனில் 40 மில்லிகிராம். பத்துச் சவரனில் 0.4 கிராம். வாழ்நாள் சேமிப்பை நகையாக வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது சின்னத் தொகையல்ல. அந்தப் பிழை வரம்பு சீட்டில் அச்சாவதே இல்லை. எத்தனை இடத்தில் சோதித்தார்கள் என்பதும் இல்லை. இவை இரண்டையும் சீட்டில் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை நகையை விற்கப் போனால் மூன்று நான்கு இடங்களிலாவது வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொக்கியையும் பற்றவைப்பையும் தனியே பார்க்கச் சொல்லுங்கள். உருக்குவதற்குச் சம்மதித்தால் உங்கள் கண்முன் உருக்கி, அந்தக் கட்டியை மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். உருகிக் கலந்த கட்டியில்தான் அந்தக் கருவியின் எண் நம்பத்தகுந்தது.