கொடூரம் எங்கே இருக்கின்றது?

ஹெவி மெற்றல் என்னும் மேலைநாட்டு இசைவகையை விரும்பிக் கேட்கும் இளைஞரிடையே முடிவுறாத விவாதமொன்று உண்டு. அவ்விசையுள் உண்மையிலேயே கொடூரமானது எது என்பதே அவ்விவாதம். 'புறூட்டல்' என்று அவர்கள் ஆங்கிலத்தில் வழங்கும் சொல் அவர்களிடத்தில் வசையாகாது; உயர்ந்த பாராட்டாகவே நிற்கின்றது. வேகமே கொடூரத்தின் அளவுகோல் என்பர் ஒரு சாரார். தாழ்ந்த சுருதியும் தொண்டையின் அடியிலிருந்து எழும் உறுமற் குரலும் இன்றி வெறும் வேகத்தால் ஆவதொன்றுமில்லை என்பர் இன்னொரு சாரார். பாடற்பொருளில் குருதியும் பிணமும் நிறைந்திருந்தாலன்றி அப்பெயருக்கு உரிமையில்லை என்பர் மூன்றாமவர்.

இவ்விவாதத்தால் நமக்கு ஆவதென்ன என வாசகர் வினவலாம். கைத்தொலைபேசி வந்தபின் உலகின் எந்த மூலையிற் பிறந்த இசையும் வாவியைக் கடந்து புளியந்தீவை அடைய ஒரு கணம் போதும். இங்குள்ள இளைஞனும் அவ்விசையைக் கேட்கின்றான், அச்சொல்லையும் கற்றுக்கொள்கின்றான். ஆனால் கொடூரம் என்பது இவ்வூரில் அகராதிச் சொல்லாக மட்டும் இருந்ததில்லை. ஆதலின் அச்சொல்லைப் பாராட்டாக வழங்குமுன் அதன் பொருளை ஆராயும் கடமை பிறரினும் நமக்கு அதிகம் உண்டு.

முதலில் ஒரு தடையை நீக்கிக்கொள்ளல் வேண்டும். 'இது இசையே அன்று; இரைச்சல்' என்று கைவீசி ஒதுக்குவோர் நம்மிடையே பலர். மட்டக்களப்பை 'மீன்பாடும் தேன்நாடு' என்று புகழ்ந்து பழகிய நமக்கு, இம்மண்ணின் இசை தேனாகவே இனித்தல் வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கின்றது. நிலாக்காலத்துக் கல்லடிப் பாலத்தடியிற் கேட்கும் மெல்லொலி ஒன்றே நமது இசை என்றால், வட்டக்களரியில் விடியவிடிய முழங்கிய மத்தளம் யாருடையது? நமது கூத்தினையும் ஒருகாலத்திற் படித்தவர்கள் இரைச்சலென்றும் பாமரர் பொழுதுபோக்கென்றும் தள்ளியே வைத்திருந்தனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு 1962 இல் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்' என்று மேடையேற்றிய பின்னரே அவர்களுட் பலர் கண் திறந்தனர். செவிக்கு இனிமை தராதது கலையாகாது என்ற அளவுகோல், பெரும்பாலும் உழைக்கும் மக்களின் கலைக்கு எதிராகவே நீட்டப்பட்ட கோலாகும்.

ஹெவி மெற்றலின் பிறப்பும் உழைப்பாளர் வாழ்வோடு பிணைந்ததே. 1965 இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரிலே, உலோகத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலைசெய்த டோனி ஐயோமி என்ற பதினேழு வயது இளைஞனின் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இயந்திரம் துண்டித்தது. அவ்வேலையில் அதுவே அவன் இறுதி நாள். இடக்கைப் பழக்கமுடைய அவன் கிற்றார்த் தந்திகளை அழுத்தியது வலக்கை விரல்களாலேயே. எனினும் அவன் கருவியைக் கைவிடவில்லை. பிளாஸ்ரிக்கை உருக்கி விரல்களுக்கு மூடி செய்தான். மெல்லிய தந்திகளைப் பூட்டினான். பிற்காலத்தில் அத்தந்திகளின் முறுக்கையும் தளர்த்தினான். 1970 பெப்ரவரியில் அவனது குழுவாகிய பிளாக் சபாத்தின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1971 இல் வந்த மூன்றாவது தட்டிலே கிற்றாரின் சுருதி மூன்று அரைச்சுரம் தாழ்ந்திருந்தது. இன்று இளைஞர் வியக்கும் அந்தக் கனத்த ஒலிக்குப் பின்னால், தொழிற்சாலை பறித்துக்கொண்ட விரல் நுனிகள் இருக்கின்றன.

இனி அம்மூன்று கட்சிகளையும் ஒவ்வொன்றாக நோக்குவோம். பேர்மிங்ஹாமுக்கு அண்மையில் தோன்றிய நேபாம் டெத் என்ற குழுவின் 1987 ஆம் ஆண்டு இசைத்தட்டு, ஏறத்தாழ முப்பத்துமூன்று நிமிடங்களுள் 28 பாடல்களை அடக்கியது. அவற்றுள் ஒன்று ஒரு விநாடியைச் சிறிதே தாண்டி முடிந்துவிடும். வேகத்துக்கு இதனை மிஞ்சிய சான்று வேண்டியதில்லை. ஆனால் அத்தட்டு பல்தேசக் கம்பனிகளைச் சாடிக்கொண்டு தொடங்குகின்றது என்பதை வேகக் கட்சியார் எடுத்துரைப்பதில்லை. மூச்சுவிட நேரமில்லாமல் மனிதனை விரட்டும் சமுதாயத்தை, மூச்சுவிட நேரமில்லாத இசையால் அக்குழுவினர் எதிர்த்தனர். காரணத்தை நீக்கிவிட்டு வேகத்தை மட்டும் நகல் செய்தோரின் படைப்பு பத்தாவது நிமிடத்திலேயே செவியை மரக்கச் செய்கின்றது. நமது வடமோடிக் கூத்தின் அண்ணாவியார் இதனை நன்கறிவார். போர்க்களக் காட்சியிலே தாளம் விரைவது, முன்னர் அது விரையாது நின்றமையாலேயே உறைக்கின்றது. வரவு, சபையோருக்குத் தன்னை உரைத்தல், வாதம் என்று படிப்படியாக ஏறிவந்த பின்னரே மத்தளம் பொங்குகின்றது.

உறுமற் குரலும் அத்தகையதே. உண்மைக் குரல்நாண்களுக்கு மேலேயுள்ள பொய்க் குரல்நாண்களையும் அதிரச் செய்து எழுப்பப்படும் அக்குரலிலே சொற்கள் விளங்குவதில்லை என்று குறை கூறுவர். ஒப்பாரியிலும் துயரின் உச்சத்திலே சொல் உடைந்து வெறுங்குரலாகின்றது. அதனை யாரும் குறையென்பதில்லை. சொல் உடைதற்குரிய நிலையை அடைந்து உடைகின்றதா, தொடக்கத்திலிருந்தே சொல்வதற்கு ஒன்றுமில்லையா என்பதே கேட்கத்தக்க வினா.

மூன்றாவது கட்சி பாடற்பொருள் பற்றியது. அமெரிக்கக் குழுவான கனிபல் கோர்ப்ஸின் தொடக்ககாலப் பாடல்கள் பெண்ணுடலைச் சிதைப்பதை விரித்துரைத்தன. அவற்றை மேடையிற் பாடுவதை ஜெர்மனி 2006 வரை தடைசெய்திருந்தது. தடையினால் இசை திருந்தும் என்று நாம் கருதவில்லை. ஆனால் அப்பாடல்கள் கொடூரத்தின் உச்சம் என்ற புகழுரையையும் ஏற்பதற்கில்லை. வலியோன் மெலியோனைச் சிதைப்பதை வலியோனின் கண்ணாலேயே பார்த்து மகிழ்வதற்கு எவ்விதத் துணிவும் வேண்டியதில்லை. உலகம் நாள்தோறும் செய்துவருவதும் அதுவே.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் வெகுளியையும் ஒன்றாக வைத்தார். அவ்வெகுளி நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என வகுத்தார். உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், அடித்தும் வைதும் அலைத்தல், கொல்லுதல் என அவற்றைச் சுருக்கிக் கூறலாம். நான்கும் மனிதன்மீது இழைக்கப்படும் தீங்குகளே. அத்தீங்குகளிலிருந்து பிறக்கும் சினத்துக்கே அவர் இலக்கியத்தில் இடம் வகுத்தார். 'இராவணேசன்' காண்போரின் நெஞ்சை உலுக்குவதும் இதனாலேதான். தம்பியையும் மைந்தனையும் இழந்த இராவணன் ஆடும்போது, அக்காலடிகளின் வன்மைக்குள்ளே இழப்பு இருக்கின்றது. வன்மை வேறு, கொடுமை வேறு என்பதை நம் மரபு அறிந்தேயிருந்தது.

ஹெவி மெற்றலுக்குள்ளேயே இவ்வேறுபாட்டைக் காணலாம். ஸ்லேயர் குழுவின் 1986 ஆம் ஆண்டு இசைத்தட்டின் முதற் பாடல், அவுஷ்விற்ஸ் வதைமுகாமில் மெங்கலே என்ற நாஸி வைத்தியன் செய்த கொடுமைகளை வரிசைப்படுத்துகின்றது. அக்குழுவினர் நாஸிகளை ஆதரித்தனர் எனக் கூறுவது அநீதி. எனினும் அப்பாடலில் வதைபட்டோன் முகமற்றவனாகவே நிற்கின்றான்; நினைவில் நிலைப்பது வதைத்தவனின் பெயர். 1988 இல் மெற்றாலிக்கா குழு வெளியிட்ட 'வன்' என்ற பாடலோ, போரிலே கைகால்களையும் முகத்தையும் இழந்து, பேசவும் இயலாது தன் உடலுக்குள்ளேயே சிறைப்பட்ட போர்வீரனின் குரலிற் பாடப்பட்டது. கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய காலத்தில் அமெரிக்காவில் சிறை சென்ற எழுத்தாளர் டோல்ரன் ட்ரம்போ 1939 இல் வெளியிட்ட நாவலே அதற்கு மூலம். மெல்லிய கிற்றார் ஒலியுடன் தொடங்கும் அப்பாடல், இறுதியில் இயந்திரத் துப்பாக்கி போன்று அதிரும் முரசொலியாக மாறுகின்றது. அந்த அதிர்ச்சி உடலைத் தாக்குமுன் உள்ளத்தைத் தாக்குகின்றது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. 2003 இல் ஈராக்கை ஆக்கிரமித்த அமெரிக்கப் படையினர், கைதிகளை விசாரணைக்கு இணங்கவைக்க மெற்றாலிக்காவின் இசையை ஓயாது முழக்கினர் எனச் செய்திகள் வெளிவந்தன. உடல்சிறைப்பட்டவனுக்காகப் பாடிய குழுவின் இசையே சிறைப்பட்டவனை வதைக்கும் கருவியாயிற்று. அதே செய்திகளில் இன்னொன்றும் இருந்தது. சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வரும் பாணி என்ற ஊதாநிற டைனோசரின் அன்புப் பாடலும் அதே நோக்கத்துக்காக முழக்கப்பட்டது. குழந்தைகளை மகிழ்விக்க எழுந்த பாட்டும் வதையாயிற்று. அவுஷ்விற்ஸிலும் கைதிகளான பெண்களைக் கொண்டே இசைக்குழுவொன்று அமைக்கப்பட்டது. வயலின் மேதை அல்மா ரோஸே 1943 இலிருந்து தாம் இறக்கும்வரை அதனை நடத்தினார். கைதிகள் வேலைக்கு அணிவகுத்துச் செல்லுகையில் அவர்கள் வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்தது மேலைநாட்டுச் செவ்வியல் மரபிற் பயின்ற கைகள். அங்கே உறுமலும் இல்லை. தாழ்ந்த சுருதியும் இல்லை.

ஆகவே வேகம், சுருதி, பொருள் என்ற மூன்று அளவுகோல்களாலும் கொடூரத்தை அளந்துவிட முடியாது. எழுந்து செல்லும் உரிமை கேட்போனுக்கு உண்டா? நிறுத்தும் உரிமை வாசிப்போனுக்கு உண்டா? இவ்விரு வினாக்களுக்கும் இல்லை என்ற விடை கிடைக்கும் இடத்திலேதான் இசை கொடூரமாகின்றது. உரிமை உள்ள இடத்தில் எத்துணைப் பேரொலியும் வன்மையாக மட்டுமே நிற்கும்.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி ஈராக்குக்கோ போலந்துக்கோ செல்லவேண்டியதில்லை. மட்டக்களப்பின் பறையை நோக்குக. அதன் ஒலி கடியது, நெஞ்சுக்குள் இறங்குவது. அதனைச் சாவுக்குரிய ஒலியென அஞ்சி ஒதுக்கினோர், சாவு வீட்டிலே அதனை அடிப்பதற்கு மட்டும் ஒரு சாதியாரைக் கட்டாயப்படுத்தினர். கொடூரம் அத்தோலின் அதிர்விலே இருக்கவில்லை. அடித்தாக வேண்டும் என்று பணித்த குரலிலே இருந்தது. அதனாலேதான் அச்சமூகத்தாருட் பலர், பறையைக் கைவிடுவதே தன்மானம் என முடிவு செய்தனர். பறைமேளக் கூத்தினை மேடையேற்றி அதனைக் கலையாக மீட்பதே விடுதலை என வேறு சிலர் வாதிடுகின்றனர். இவ்விரு சாராரும் முரண்படுவதாகத் தோன்றினாலும் இருவர் கோரிக்கையும் ஒன்றே. அடிப்பதா, விடுவதா என்பதை அடிப்பவனே தீர்மானித்தல் வேண்டும். அவ்வுரிமை கைவந்தபின் அதே பறை, அதே கடுமையோடு, பெருமிதத்தின் ஒலியாகிவிடும். பறையைப் புகழ்ந்து கட்டுரை எழுதிவிட்டுப் பறையடிப்போனை வாசலிலே நிறுத்தும் இரசிகர்கள் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இனி நமது ஊருக்கே வருவோம். 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் அயற் கிராமங்களிலும் இருந்து கூட்டிச் செல்லப்பட்ட பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 184 பேர் கொல்லப்பட்டனர். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி மட்டக்களப்பு நகரத்துச் சீயோன் தேவாலயத்திலே உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்தது. மாண்டோருள் ஞாயிற்றுப் பாடசாலைச் சிறுவர் பலர். கொன்றோர் அணிந்த உடைகள் வேறு வேறாக இருந்தன. கொல்லப்பட்டோர் நிலை ஒன்றே: எழுந்து செல்ல இயலாதோர். இத்தகைய நாள்களுக்குப் பின்னர் இப்பிரதேசத்தில் நெடுங்காலம் நிலவியது பேரொலியன்று, மௌனம். அழுவதற்கும் அஞ்சிய மௌனம்.

அந்த மௌனத்தை அறிந்தவர்கள் உரத்த இசையைக் கண்டு முகஞ்சுளிக்க மாட்டார்கள். உரத்துச் சினக்கும் உரிமை நீண்டகாலம் மறுக்கப்பட்ட மக்களுக்கு அவ்வுரிமையின் அருமை தெரியும். எனவே புளியந்தீவு இளைஞன் கனத்த கிற்றாரையும் இரட்டை முரசையும் கேட்டுக் களிப்பதை நாம் தடுக்கவில்லை. அவன் தானே அவற்றைக் கையிலெடுப்பானாயின் வரவேற்போம். ஆனால் அமெரிக்கப் பிணவறைக் கற்பனைகளை அவன் இரவல் வாங்கவேண்டியதில்லை. அவனது வாவிக்கரையிலேயே சொல்லப்படாத சினங்கள் நிறைந்து கிடக்கின்றன. அவற்றை வதைத்தோனின் பக்கம் நின்று பாடாமல் வதைபட்டோனின் பக்கம் நின்று பாடுக. தன் இனத்தின் இழப்புக்கு மாத்திரமன்றி அயலூரானின் இழப்புக்கும் அதே உரத்த குரலிற் பாடுக. அவ்விசை எவ்வளவு கடுமையாக முழங்கினும் அதனைக் கொடூரமென யாரும் அழைக்கார். கொடூரத்துக்கு எதிரான சாட்சியம் என்றே அழைப்பர்.