பழிகரப்பும் படச்சுருளும்: யூகோஸ்லாவிய அங்கதத் திரைப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இருவகைப்படுத்தும் தொல்காப்பியச் செய்யுளியல். வசையை வெளிப்படையாக மொழிவது முன்னையது. மறைத்து மொழிவது பின்னையது. செய்யுளை நோக்கி எழுந்த இப்பாகுபாடு, இருபதாம் நூற்றாண்டின் கலையாகிய திரைப்படத்தை விளங்கிக்கொள்வதற்கும் பயன்படுமென்பதே இக்கட்டுரையின் தொடக்கக் கருத்தாகும். ஒரு தலைவன் கையசைத்துச் செல்லும் காட்சி தன்னளவில் புகழ்ச்சியே. அதனை அடுத்து வேறொரு காட்சி ஒட்டப்படும்போது அப்புகழ்ச்சி பழிப்பாகிவிடக்கூடும். முதற் காட்சியிலும் பழிப்பு இல்லை, இரண்டாவதிலும் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் அது பிறக்கிறது. அதனை நிறைவு செய்பவன் பார்வையாளனே. படத்தொகுப்பின் வழி நிகழும் இப்பழிகரப்பை மிகத் துணிவுடன் கையாண்டவர்கள் 1968க்கும் 1971க்கும் இடையில் யூகோஸ்லாவியாவிலே தொழிற்பட்ட சில நெறியாளர்களாவர்.

1948இல் மொஸ்கோவுடன் முரண்பட்டுப் பிரிந்த யூகோஸ்லாவியா, தொழிலாளர் சுயமுகாமைத்துவம் என்ற கோட்பாட்டைத் தனது சோசலிசத்தின் தனித்தன்மையாக முன்வைத்தது. கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றோடு ஒப்பிடுகையில் அங்கு கலைஞருக்கிருந்த சுதந்திரம் கூடுதலானது. எனினும் 1968 யூனில் பெல்கிரேட் பல்கலைக்கழக மாணவர் கிளர்ந்தெழுந்து, சோசலிசத்தின் பெயரால் உருவாகிவந்த சலுகை பெற்ற வர்க்கத்தைச் சாடியபோது, அச்சுதந்திரத்தின் எல்லை எது என்ற வினாவும் உடன் எழுந்தது.

‘அண்டர்கிரவுண்ட்’ சினிமா என்ற தொடர் நியூயோர்க்கில் ஒரு பொருளையும் பெல்கிரேட்டில் வேறொரு பொருளையும் தந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. நியூயோர்க்கில் அது சந்தைக்கு வெளியே, சொந்தச் செலவிற் படமெடுப்பதைக் குறித்தது. பெல்கிரேட்டிலோ படங்கள் பொதுநிறுவனங்களின் பணத்தில், வெளிப்படையாகவே எடுக்கப்பட்டன. எடுத்து முடித்த பின்னரே அவை நிலத்தடிக்குச் சென்றன. திரையிடப்படாது பூட்டி வைக்கப்பட்ட படங்களைப் ‘பங்கருக்குள் போடப்பட்டவை’ என்றே அந்நாட்டார் வழங்கினர். ஒரு படம் தலைமறைவுப் படமா என்பதைத் தீர்மானித்தவர் அதனைப் படைத்தவரல்லர், பூட்டியவரே.

இவ்வகைப் படைப்புக்கு வழிகாட்டியவர் டுஷான் மகவெயெவ் (1932-2019). ஜேர்மானிய ஆக்கிரமிப்புக்குட்பட்ட பெல்கிரேட்டில் 1942இல் அலெக்சிச் என்னும் உடல்வித்தைக் கலைஞர் எடுத்த எளியதொரு காதற் படத்தை அவர் தேடியெடுத்தார். அதற்குள் அக்காலச் செய்திப்படத் துண்டுகளை இடையிட்டு, சில காட்சிகளுக்குக் கையால் வண்ணந்தீட்டி, ‘பாதுகாப்பற்ற அப்பாவித்தனம்’ என்ற புதிய படத்தை 1968இல் உருவாக்கினார். பழைய படம் மொழிவது காதலை. அதனருகே செய்திப்படம் காட்டுவது போரை. கேலி செய்வதாகத் தோன்றினும், அழிவின் நடுவே பாமரர் கொண்ட கலையார்வத்தின்பால் இரக்கங்கொண்ட படம் அது.

1971இல் வெளிவந்த அவரது ‘டபிள்யூ.ஆர்.: உயிரியின் மர்மங்கள்’ இம்முறையை அரசியலின் மையத்துக்கே கொண்டுசென்றது. பிராய்டின் வழிவந்த உளப்பகுப்பாய்வாளரும் ஒருகாலத்து மார்க்சியருமான வில்ஹெல்ம் ரைக், அமெரிக்காவிலே நூல்கள் எரிக்கப்பெற்று, 1957இல் சிறையில் மாண்டவர். அவர் கதையில் தொடங்கும் படம், போர்வீரர் உடையில் விளையாட்டுத் துப்பாக்கியுடன் நியூயோர்க் வீதிகளில் உலாவரும் கவிஞர் டுலி குப்பர்பேர்க்கைக் காட்டுகிறது. சியாவுரெலியின் ‘சபதம்’ (1946) என்ற சோவியத் படத்திலிருந்து ஸ்டாலினின் தோற்றத்தையும் எடுத்துவந்து இடையே நிறுத்துகிறது. அங்கு நாம் காண்பது ஸ்டாலினையன்று, ஸ்டாலின் வேடமிட்ட நடிகரையே. அதிகாரம் தன்னைப்பற்றித் தானே புனைந்துகொண்ட உருவத்தை எடுத்து, ஒரு சொல்லும் மாற்றாமல், இடத்தை மட்டும் மாற்றிவைக்கிறார் நெறியாளர்.

இப்படத்தின் பெருமை அதனோடு முடிவதன்று. பெல்கிரேட்டின் குடியிருப்பொன்றில் மாடத்தில் நின்று, காதற் சுதந்திரமின்றிப் புரட்சியில்லை என முழங்கும் மிலெனா என்ற பெண், விளாடிமிர் இலியிச் எனப் பெயர்பூண்ட சோவியத் பனிச்சறுக்கு வீரனைக் காதலிக்கிறாள். அவனுடைய சறுக்குக் காலணியின் அலகினாலேயே தலை துண்டிக்கப்படுகிறாள். துண்டித்த தலை தொடர்ந்து பேசுகிறது. தன் கம்யூனிசக் கடந்தகாலத்துக்காகத் தான் நாணவில்லை என்கிறது. எதிரியை மட்டுமன்றித் தன் சார்பிலுள்ள கோஷங்களையும் நகைக்கு உள்ளாக்கியமையே இப்படத்தை வெறும் வசையினின்றும் உயர்த்துகிறது. ஆயினும் யூகோஸ்லாவியத் திரையரங்குகள் 1980களின் பிற்பகுதி வரை அதற்கு மூடியே இருந்தன.

இங்கு விமர்சகரின் பங்கு பற்றிக் கூறுதல் அவசியமாகிறது. 1968இன் மாணவர் எழுச்சியை அடுத்துக் கிராமங்களுக்குப் புரட்சியைக் கொண்டுசெல்லப் புறப்படும் நான்கு இளைஞரைப் பற்றியது ஷெலிமிர் ஷில்னிக்கின் ‘ஆரம்பகால எழுத்துக்கள்’ (1969). மார்க்சின் இளமைக்கால நூல்களை நினைவூட்டும் தலைப்பு அது. யூகோஸ்லாவா என்ற பெயருடைய பெண்ணை அவளது தோழர்களே இறுதியிற் கொன்றுவிடுகின்றனர். இப்படத்துக்கு எதிரான வழக்கில், சட்டம் பயின்ற ஷில்னிக் தாமே வாதாடினார். நீதிமன்றம் படத்தை விடுவித்தது. அதே ஆண்டில் பேர்லின் விழாவின் தங்கக்கரடி விருதும் கிடைத்தது. ஆனால் 1969 ஆகஸ்டில், நாட்டின் செல்வாக்குமிக்க நாளேடாகிய ‘போர்பா’வில் விளாடிமிர் யோவிச்சிச் எழுதிய கட்டுரையொன்று இத்தகைய படங்களைக் ‘கரிய அலை’ எனப் பெயரிட்டுச் சாடியது. நீதிபதியின் தீர்ப்பும் விழாக்குழுவின் பரிசும் மறக்கப்பட்டன. விமர்சகர் இட்ட பெயரே நிலைத்தது. திறனாய்வுச் சொல் ஒன்று குற்றப்பத்திரிகையின் சொல்லாக மாறிய வரலாறு இது.

அதன் கடும் விளைவை அனுபவித்தவர் ஒரு மாணவரே. பெல்கிரேட் நாடக, திரைப்படக் கலைக்கழகத்திலே லாசர் ஸ்டோயானொவிச் தமது பட்டத்துக்காக 1971இல் எடுத்த படம் ‘பிளாஸ்டிக் இயேசு’. ஸாக்ரெப்பிலிருந்து பெல்கிரேட்டுக்கு வந்து, படமெடுக்க வழியின்றித் திரியும் ஓர் இளைஞனின் கதையினூடே ஆவணத் துண்டுகள் குறுக்கிடுகின்றன. நாசிகளின் அணிவகுப்பு, குரோசிய உஸ்தாஷாக்கள், சேர்பிய செட்னிக்குகள், இவர்களோடு ஒரே வரிசையில் டிட்டோ! நாயகனாக நடித்தவர் பரிசோதனைப் படைப்பாளியான டொமிஸ்லாவ் கொட்டோவட்ஸ். இப்படப்பிடிப்பின்போது, பெல்கிரேட் வீதியொன்றில் ‘நான் நிரபராதி’ எனக் கூவியவாறு அவர் நிர்வாணமாக ஓடினார். ஸ்டோயானொவிச் மூன்றாண்டுகள் சிறையிருந்தார். அவரது ஆசிரியரும் புகழ்வாய்ந்த நெறியாளருமான அலெக்சாண்டர் பெட்ரோவிச் கலைக்கழகத்துப் பதவியை இழந்தார். 1990 வரை படம் வெளிவரவில்லை. உலகறிந்த மகவெயெவ் பிறநாடுகளிற் சென்று படமெடுக்க முடிந்தது. பெயரறியப்படாத மாணவருக்குச் சிறையே எஞ்சியது.

வழக்கினால் அனுதாபம் பெற்ற படத்தைக் குறைகாண்பது எளிதன்று. எனினும் அனுதாபம் திறனாய்வாகாது. அருகருகே வைத்தல் என்ற உத்தி ஒப்புமையைக் கூறுமேயன்றி, ஒப்புமையின் அளவைக் கூறாது. நாசிகளோடு கூடிநின்றவர்களையும், அவர்களை எதிர்த்துப் போராடிய இயக்கத்தின் தலைவரையும் ஒரே வரிசையில் நிறுத்தும்போது, ‘எவ்வகையில் ஒப்பர்?’ என்ற வினாவுக்குப் படத்தொகுப்பு விடை தருவதில்லை. அப்போரிலே உறவினரை இழந்தவர்கள் இக்காட்சிகளால் மனம் புண்பட்டிருப்பின் அதனை மூடத்தனமெனத் தள்ளிவிட முடியாது. மகவெயெவின் படத்தில் நகைப்பு எத்திசையிலும் திரும்புவதால் இவ்வினா தானாகவே தணிகிறது. ஸ்டோயானொவிச்சின் படத்தில் அதற்கு ஈடாக நிற்பது கொட்டோவட்ஸின் அந்த ஓட்டம் ஒன்றே. சீருடைகள் மலிந்த படத்தில் உடையற்ற ஓர் உடல், கொடியில்லை, கோஷமில்லை. படம் தன் வலிமையை எட்டுமிடம் அதுவே என்பது எம் துணிபு.

பின்னிகழ்ந்த வரலாறு இம்மதிப்பீட்டைச் சற்றே திருத்திக்கொள்ளும்படி எம்மைப் பணிக்கிறது. 1971இல் பழைய படச்சுருள்களில் மட்டுமே காணக்கிடைத்த செட்னிக், உஸ்தாஷா சின்னங்கள் 1991இல் தொடங்கிய போர்களின்போது வீதிகளுக்கு மீண்டும் வந்தன. அவமதிப்பென அன்று தண்டிக்கப்பட்ட காட்சிவரிசையை இன்று எச்சரிக்கையாகவும் வாசிக்க முடிகிறது. போரெதிர்ப்பாளராக நின்ற ஸ்டோயானொவிச், 2007இல் ‘ஸ்கோர்ப்பியன்’ எனப்பட்ட சேர்பிய ஆயுதக் குழுவைப் பற்றிய ஆவணப்படத்தை எடுத்தார். ஸ்ரெப்ரெனிசாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஆறு பொஸ்னிய முஸ்லிம் கைதிகளை 1995இல் சுட்டுக்கொன்ற இக்குழுவினர், அதனைத் தாமே படம்பிடித்து வைத்திருந்தனர். அப்பதிவு 2005இல் ஹேக் நீதிமன்றத்திற் காட்டப்பட்டது. அதிகாரமும் வன்முறையும் தம்மைப்பற்றித் தாமே எடுத்துவைக்கும் படங்களே அவற்றுக்கெதிரான சாட்சியாகும் என்ற உண்மை, மாணவப் பருவத்து அங்கதத்திலிருந்து இவ்வாவணம் வரை மாறாது தொடர்கிறது. ஆனால் இங்கு நகைப்பதற்கு எதுவுமில்லை.

பழிகரப்பங்கதம் வாழ்வது சொல்லாமல் விடப்பட்டதில். அதைச் செம்பொருளாக்கி, ‘இவன் கூறியது இதுதான்’ என முத்திரையிட்டுக் காட்டுபவரின்றித் தணிக்கையாளருக்கு வேலையில்லை. அவ்வேலையைச் செய்து கொடுக்க விமர்சகர் எக்காலத்தும் கிடைத்துள்ளனர். யோவிச்சிச் தமது கட்டுரையை எழுதியபோது ஒரு மாணவனின் சிறைவாசத்தை எண்ணியிருக்க வேண்டியதில்லை. ஆயினும் அவரது சொல் அவரது எண்ணத்தையும் கடந்து பயணஞ்செய்தது. பல்கலைக்கழகத்தினுள் இருந்துகொண்டு கலைகளுக்குப் பெயரிடும் நாம், நாமிடும் பெயர் யார் கையிற் போய்ச் சேருமென்பதை எண்ணிப் பார்த்தபின்னரே பேனாவை எடுத்தல் வேண்டும்.