எண்ணெய்க் கைக்குத் தாக்குப்பிடிக்கும் எழுத்து: டிஎஸ்சி டிஇ244 லேபிள் பிரிண்டர்

முக எண்ணெய்ப் பாட்டிலின் லேபிளைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர் அல்ல, உள்ளே இருக்கும் எண்ணெய்தான். டிராப்பரை எடுத்துத் திரும்பச் செருகும்போது கழுத்தோரம் ஒரு சொட்டு வழியும். அதே விரல்தான் பாட்டிலையும் பிடிக்கும். நாள்பட நாள்பட, காலாவதித் தேதி இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கறைதான் மிஞ்சும். வீட்டிலேயே கற்றாழை ஜெல், குங்குமாதித் தைலம், சோப்பு என்று செய்து விற்கும் பலர், ‘வாட்டர்ப்ரூஃப்’ ஸ்டிக்கர் தாளை வாங்கி ஏமாறுவது இங்கேதான். தாள் நனையாமல் இருக்கும். அதன்மேல் இருக்கும் எழுத்து நிற்காது.

மை எந்த வகை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டில் இருக்கும் பல இங்க் டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை. மற்ற நிறங்கள் நீரில் கரையும் டை மை. ஈரம் பட்டதும் எழுத்து நிற்க, பக்கத்தில் இருக்கும் பச்சை இலைப் படம் கசிந்து ஓடும். லேசர் பிரிண்டரின் டோனர் என்பது சூட்டில் உருகி ஒட்டும் பிளாஸ்டிக் தூள். தண்ணீர் அதை அசைக்காது. ஆனால் லேபிள் மடிந்து சுருங்கும் இடங்களில் அது உதிர்கிறது. (இங்க்ஜெட்டுக்கான வினைல் தாளைத் தவறிக்கூட லேசரில் விடக் கூடாது, உள்ளே உருகி ஒட்டிக்கொண்டால் செலவு பெரிது.) கூரியர் முகவரி அச்சடிக்கும் டைரக்ட் தெர்மல் பிரிண்டர் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. அதன் தாளில் உள்ள பூச்சு வெப்பத்தில் கறுப்பது. எண்ணெயும் வெயிலும் எழுத்தை வெளுக்கச் செய்யும், ஆல்கஹால் பட்டால் தாளே கறுத்துவிடும்.

மிஞ்சுவது தெர்மல் டிரான்ஸ்பர். சூடான தலைப்பகுதி, ரிப்பனில் உள்ள மையை உருக்கி லேபிளின்மேல் பதிக்கிறது. இந்த வகையில் சிறுதொழில் செய்பவர்களுக்கு ஏற்ற பிரிண்டர்களில் ஒன்று, தைவான் நிறுவனமான டிஎஸ்சியின் டிஇ244. 203 டிபிஐ தெளிவு, 108 மி.மீ. அச்சு அகலம், நொடிக்கு 6 அங்குல வேகம், 300 மீட்டர் ரிப்பன் பிடிக்கும் கொள்ளளவு. விலை 10,000 முதல் 15,000 ரூபாய்க்குள் அடங்கும். சமையலறை மேடையின் ஓரத்தில் வைத்துக்கொள்ளும் அளவுதான். ரோலை மாட்டுவது எளிது. ரிப்பனைச் சுருக்கம் விழாமல் மாட்டத்தான் கை பழக வேண்டும்.

ஆனால் பிரிண்டரைவிட ரிப்பன்தான் முக்கியம். ஒரே பிபி (பாலிபுரோப்பிலீன்) ஸ்டிக்கர் ரோலில் வேக்ஸ் (மெழுகு), வேக்ஸ்-ரெசின், ரெசின் என்ற மூன்று வகை ரிப்பனையும் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் விரலுக்கே தெரியும். வேக்ஸ் ரிப்பன் எழுத்து பார்வைக்குக் கருகருவென்று இருக்கும், நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். வேக்ஸ்-ரெசின் எழுத்து வாளித் தண்ணீரில் இரவெல்லாம் கிடந்தாலும் அப்படியே இருக்கும், தேங்காய் எண்ணெய் தடவிக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தால் மெல்ல மங்கும். ரெசின் எழுத்து எண்ணெய்க்கும் அசையாது, சானிடைசர் நனைத்த பஞ்சுக்கும் எளிதில் விட்டுக்கொடுக்காது. மூன்றில் ரெசின்தான் விலை கூடுதல். சோப்பு உறைக்கும் நலங்கு மாவுப் பொட்டலத்துக்கும் வேக்ஸ்-ரெசின் போதும். எண்ணெய், சீரம், லிப் பாம் என்றால் ரெசினுக்குக் குறைந்து எதுவும் வேண்டாம்.

ரெசின் உருக அதிகச் சூடு தேவை. பிரிண்டர் டிரைவரில் 0 முதல் 15 வரை இருக்கும் அடர்த்தி அளவை உயர்த்தி, வேகத்தைப் பாதியாகக் குறைத்தால்தான் எழுத்து முழுதாகப் பதிகிறது. சூடு மிஞ்சினால் பிபி படலம் நெளியும். புது ரோலின் முதல் சில லேபிள்களை இந்தச் சமநிலையைப் பிடிக்க ஒதுக்கிவிட வேண்டும்.

தமிழில் அச்சிட முடியுமா? முடியும். பிரிண்டரின் சொந்த எழுத்துருக்களில் தமிழ் கிடையாது. விண்டோஸ் டிரைவர் வழியாக நிர்மலா, லதா போன்ற எழுத்துருக்கள் படமாகப் போய் அச்சாகின்றன. சிக்கல் எழுத்தின் அளவில் வருகிறது. 203 டிபிஐ என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. பொதியப்பட்ட பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகள், எழுத்தின் உயரம் 1 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கின்றன. அந்த உயரத்தில் ஆங்கில எழுத்து தப்பிவிடும். ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் 8 புள்ளிக்குள் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடுகின்றன. தமிழுக்கு 2 மி.மீ. இருந்தால்தான் கண் உறுத்தாது. சின்னக் குப்பியில் தமிழிலும் எல்லாம் வர வேண்டும் என்று விரும்புவோர், 300 டிபிஐ கொண்ட டிஇ344க்குப் போவது நல்லது. அந்த விருப்பம் நியாயமானது: பொருளை வாங்கிப் பூசுபவர் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதைத் தன் மொழியில் படிக்க முடிய வேண்டும்.

லேபிளில் ஏற வேண்டியவையும் கொஞ்சநஞ்சம் அல்ல. வீட்டில் செய்தாலும், விற்பதற்கென்றால் உரிமம் வேண்டும். 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி, சேர்மானப் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். எடையளவு விதிகளின்படி நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் தொடர்பு ஆகியவையும் சேரும். சுமார் 33 மி.மீ. விட்டமுள்ள 30 மி.லி. குப்பியின் சுற்றளவு 104 மி.மீ.தான். அதற்குள் இவ்வளவும் அடங்க வேண்டும்.

டிஇ244இன் பெருங்குறை, ஒரு ரிப்பனில் ஒரே நிறம்தான் வரும் என்பது. இதற்குச் சிறந்த வழி வேலையைப் பிரித்துக்கொள்வது. பெயர், படம், வண்ணம் ஆகியவற்றைச் சிவகாசி போன்ற ஊர்களில் உள்ள அச்சகங்களில் பிபி ரோலாகவே அடித்து, அந்த இடங்களுக்கு மட்டும் லேமினேஷன் போட்டு வாங்கலாம். மாறிக்கொண்டே இருக்கும் பேட்ச் எண், தேதி, விலைக்கு வெற்றுக் கட்டம் விட்டு, அதை வீட்டில் ரெசினில் அடிக்கலாம். விலை மாறினாலும் கட்டுக்கட்டாக லேபிளைக் குப்பையில் போட வேண்டியதில்லை. வெறும் வெள்ளை லேபிளில் கறுப்பெழுத்து மட்டும் போதும் என்ற அழகுணர்வு உள்ளவர்களுக்கு அச்சகமும் வேண்டாம்.

செலவுக் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லேபிள் நகரும் நீளத்துக்கு ரிப்பனும் நகரும். எழுத்து இல்லாத இடத்திலும் ரிப்பன் தீரும். 40 மி.மீ. நீள லேபிளும் 3 மி.மீ. இடைவெளியும் என்றால் 300 மீட்டர் ரிப்பனில் ஏறத்தாழ 7,000 லேபிள் வரும். ரிப்பன் மாற்றும்போதெல்லாம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் அச்சுத் தலையைத் துடைத்தால் எழுத்தில் வெள்ளைக் கோடு விழாது.

தாளைப் பொறுத்தவரை குரோமோ எனும் பளபளப்புக் காகித ஸ்டிக்கரைத் தவிர்த்துவிடலாம். ஈரத்தில் ஊறிக் கிழியும். அமுக்கிப் பிதுக்கும் டியூபுக்குப் பிபியைவிட நெகிழ்வான பிஇ (பாலிஎத்திலீன்) பொருந்தும். கண்ணாடிபோல் தெரியும் லேபிள் வேண்டுமானால் இடைவெளி சென்சார் தடுமாறலாம். பின்புறம் கறுப்புக் குறியிட்ட ரோல் கேட்டு வாங்கினால் பிரிண்டரின் இன்னொரு சென்சார் அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஒட்டுவதில் அவசரம் ஆகாது. எண்ணெய் நிரப்பிய பிறகு ஒட்டினால் பாட்டிலில் படிந்த மெல்லிய பிசுக்கிலேயே பசை தோற்றுவிடும். காலிப் பாட்டிலை ஆல்கஹாலால் துடைத்து, உலரவிட்டு, லேபிளை ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிறகு நிரப்புவதே சரியான வரிசை.