டெரெசா ஆட்டின் கருவும் வளர்ச்சிக் காரணிகளும்

நிக்கோபாரின் டெரெசா ஆடும் நிக்கோபாரிப் பன்றியும் வேறெங்கும் இல்லாத இனங்கள். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை அத்தீவுகளின் கால்நடைகளையும் வாரிக்கொண்டு போனது. ஓர் இனம் முழுவதையும் கடலோரத்திலேயே விட்டுவைப்பதன் ஆபத்து அன்று புரிந்தது. ஆய்வகத்தில் கருவை உருவாக்கி உறையவைத்துச் சேமிக்கலாம் என்ற யோசனைக்கு ஆகவே வலுவுண்டு. ஹரியானாவின் கர்னாலில் 1990இலேயே சோதனைக்குழாய் எருமைக் கன்று பிறந்துவிட்டது. ஆனால் ஆய்வகத்தில் கருவை வளர்க்கும் திரவத்தில் வளர்ச்சிக் காரணிகளைச் சேர்க்கலாமா என்பதில்தான் எனக்குத் தயக்கம்.

வளர்ச்சிக் காரணிகள் என்பவை தாயின் கருக்குழாயும் கருப்பையும் சுரக்கும் புரதங்கள். கருவும் தனக்கென்று சிலவற்றைச் சுரந்துகொள்கிறது. 1990இல் பரியா, டே என்ற ஆய்வாளர்கள் சுண்டெலிக் கருக்களைக் கொண்டு இதைக் காட்டினார்கள். துளித் திரவத்தில் தனியே விடப்பட்ட கருக்கள் பின்தங்கின, கூட்டமாக வளர்ந்தவை தேறின. தனிக் கருவுக்கு ஈஜிஎஃப் என்ற காரணியைக் கொடுத்தபோது அதுவும் தேறியது. கூட்டமாக வளர்த்தாலே கிடைக்கும் பலனை முதலில் பெற வேண்டும் என்பதே இதில் நான் காணும் பாடம்.

ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு காரணியின் பக்கம் உள்ள வாதம் கனமானது. வெப்பத்தால் மாட்டுக் கருவுக்கு நேரும் சேதத்தை அது குறைக்கிறது. அமெரிக்காவில் பிளாக், ஹான்சன் என்ற ஆய்வாளர்கள் கறவைப் பசுக்களில் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஐஜிஎஃப்-1இல் வளர்ந்த கருக்களைப் பெற்ற பசுக்கள் வெயில் காலத்தில் கூடுதலாகச் சினை பிடித்தன. குளிர்காலத்தில் அந்தப் பலன் தெரியவில்லை. ஆண்டு முழுதும் வெக்கையும் ஈரமுமான அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்கு இது ஆசை காட்டும் முடிவுதான். ஆனால் அதிகம் பால் கறக்கும் பசு, தன் உடற்சூட்டைத் தணிக்கவே திணறும் விலங்கு. தலைமுறைகளாக அந்த வெக்கையிலேயே குட்டி ஈன்றுவரும் ஆட்டுக்கு அதே கணக்குப் பொருந்தும் என்று எப்படிக் கொள்வது?

அளவு இன்னொரு சிக்கல். ஐஜிஎஃப்-1 மிகுந்தால் சுண்டெலிக் கரு அதற்கான தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது, உயிரணுக்கள் மடிகின்றன. பல காரணிகள் கலந்த சீரத்தை (இரத்த நீரை) ஊற்றி வளர்த்த செம்மறிக் கருக்களில் சில அளவுக்கு மீறிப் பெருத்த குட்டிகளாயின. ஐஜிஎஃப்2 ஏற்பி மரபணு செயல்படும் விதத்தில் ஏற்பட்ட மாற்றத்தோடு அதற்குத் தொடர்புண்டு என்று 2001இல் ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனம் கண்டது. கருப்பையில் பதியுமுன் வரும் பிளாஸ்டோசிஸ்ட் பருவத்தில் அழகாகத் தெரியும் கரு, பிறப்பில் தாயையும் குட்டியையும் சேர்த்தே கொல்லக்கூடும். மனிதர்களுக்கான கருத்தரிப்புச் சிகிச்சையிலும் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற காரணியைச் சேர்ப்பதால் பயனுண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை என்பதே மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் 2020 மதிப்பாய்வு கண்ட முடிவு.

கரு நன்றாக இருந்தும் தோற்கும் இடமும் உண்டு. எல்ஐஎஃப் என்ற காரணி இல்லாத பெண் சுண்டெலிகளில் கருக்கள் பழுதின்றி உருவாயின, ஆனால் கருப்பையில் பதியவில்லை. வேறு தாய்க்கு மாற்றியதும் பதிந்தன. 1992இல் வந்த இந்த முடிவைப் பார்த்தால், குறை முழுவதையும் திரவத்தில் தேடுவது பிழை என்று தெரியும்.

ஸ்ரீ விஜயபுரத்தின் (முன்பு போர்ட் பிளேர்) மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் இம்முயற்சி நடக்குமானால், எளிதில் கிடைக்கும் சாதாரண வெள்ளாடுகளிலேயே தொடங்கட்டும். காரணி சேர்த்த கருக்களோடு சேர்க்காதவற்றையும் கூட்டமாக வளர்த்து, பிளாஸ்டோசிஸ்ட் எண்ணிக்கையை விட்டுவிட்டு, பிறந்த குட்டிகளையும் அவற்றின் எடையையும் கணக்கெடுக்க வேண்டும். டெரெசா ஆட்டின் சினைமுட்டைகளை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.