இரண்டு பலூன்களுக்கு நடுவே ஒரு பகல்

கோடை இடிமழைக் காலம் வந்தால் சென்னை மீனம்பாக்கத்திலிருந்து ஏறும் வானிலை பலூன் தந்த வரைபடம் கைப்பேசிக்குக் கைப்பேசி பறக்கிறது. ‘கேப் என்னும் ஆற்றல் எண் 3000-ஐத் தாண்டிவிட்டது, இன்று மாலை வெளுத்து வாங்கும்’ என்று காலையிலேயே தீர்ப்பு. மறுத்தால், ‘பலூன் நேரில் அளந்தது, எப்படிப் பொய்க்கும்?’ என்கிறார்கள்.

அளவு பொய்யில்லை. தரையிலிருந்து 30 கி.மீ. உயரம்வரை வெப்பம், ஈரம், காற்று என அடுக்கடுக்காகத் தொட்டு அளக்கிறது. செயற்கைக்கோள் கணக்குகளுக்கு அதுவே உரைகல். அதில் எனக்குச் சண்டையில்லை.

என் சண்டை கடிகாரத்தோடு. உலகமெங்கும் கிரீன்விச் நேரப்படி 0 மணிக்கும் 12 மணிக்கும் பலூன் விடுகிறார்கள். நமக்கு அது காலை 5.30, மாலை 5.30. உலகம் முழுவதையும் ஒருசேரக் கணக்கிடும் கணினி மாதிரிக்கு அந்த ஒழுங்கு வேண்டியதுதான். நம் இடிமேகம் உருவாவதோ பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில். விடியலில் தரையை ஒட்டிய காற்று இரவெல்லாம் ஆறிக் கிடக்கும். பிறகு வெயில் அதைக் கிளறும். நண்பகலையொட்டிக் கடற்காற்று நுழைந்து வெப்பத்தையும் ஈரத்தையும் மாற்றிப்போடும். கேப் என்பது கீழ்க்காற்று மேலெழுந்தால் அதற்குக் கிடைக்கக்கூடிய ஆற்றல். கீழே ஓரிரு டிகிரி மாறினாலே அந்த எண் எங்கோ போய்விடும். அப்படியிருக்க, விடியற்காலைக் காற்றை அளந்துவிட்டு மாலை மழைக்கு உத்தரவாதம் கொடுப்பது என்ன நியாயம்? அடுத்த பலூன் ஏறும் நேரத்தில் வேலூர்ப் பக்கம் மேகம் திரண்டு முடிந்திருக்கும்.

கோடையில் மட்டுமல்ல, 2021 டிசம்பர் 30 நினைவிருக்கிறதா? காலைப் பலூனுக்கும் மாலைப் பலூனுக்கும் இடையில் தொடங்கிய மழை, இரவுக்குள் சென்னையின் சில பகுதிகளில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அவ்வளவு பெய்யும் என்று முன்னறிவிப்பு சொல்லவில்லை. நடுப்பகலில் ஒரு பலூன் ஏறியிருந்தாலே எல்லாம் தெரிந்திருக்கும் என்று நான் வாதிடவில்லை. கடற்பக்கம் நடப்பதை அது காட்டியிருக்காது; கிழக்கே கடலுக்கு மேல் நமக்கு அடுத்த பலூன் 1,300 கி.மீ.க்கு அப்பால், அந்தமானில். ஆனால் நகரம் மூழ்கத் தொடங்கிய நேரத்தில் தலைக்கு மேலிருந்த காற்றைப் பற்றி நம் கையிலிருந்தது விடியற்காலைக் கணக்கு என்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

அமெரிக்காவில் கடும் இடிப்புயல் எதிர்பார்க்கும் நாள்களில் வழக்கமான இரண்டுக்கு நடுவே கூடுதல் பலூன் விடுகிறார்கள். இங்கே செலவைக் காட்டுவார்கள். மேலே போன கருவி பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை, உண்மைதான். ஆண்டு முழுதும் கேட்கவில்லை. இடிமழை எச்சரிக்கை விடும் நாள்களிலாவது, பகல் 11.30-க்கு, மீனம்பாக்கத்திலிருந்து ஒன்று.