திரைக்குள் போகலாகாதோ?

லேவியராகமம் 21ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை நாம் அருளுரைக்கு எடுத்துக்கொள்வது அரிது. ஆரோனின் வழிமரபில் உடற்பழுதுள்ளவன் எவனும் தூய அப்பத்தை உண்ணலாம். ஆனால் திரையருகே செல்லவோ பலிபீடத்தை அணுகவோ ஆகாது என்கிறது அப்பகுதி. உணவுக்குத் தடையில்லை, பணிக்கே தடை. இவ்விதியை அண்மையில் நமக்கு நினைவூட்டியது விளக்கவுரை நூலன்று, வில்லியம் வைலர் இயக்கத்தில் 1946இல் வெளிவந்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படமே.

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பும் மூவரின் கதை அது. அவர்களுள் இளையவனாகிய ஹோமர், கைகளை இழந்து அவற்றுக்குப் பதிலாக எஃகுக் கொக்கிகளைப் பூண்ட கடற்படை வீரன். அவ்வேடத்தை ஏற்ற ஹெரால்ட் ரசல் தொழில்முறை நடிகர் அல்லர். தரைப்படையிற் பணியாற்றிய அவர், 1944இல் வட கரோலினாவில் பயிற்சியின்போது நிகழ்ந்த வெடிவிபத்தில் தம் இரு கைகளையும் இழந்தவர். இராணுவம் தயாரித்த ஆவணப்படமொன்றில் வைலர் அவரைக் கண்டு அழைத்தார். (வைலரும் போர்க்காலப் படப்பிடிப்பின்போது ஒரு காதின் கேள்திறனை இழந்தவர் என்பது இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது.)

இப்படத்தின் மூலம் மக்கின்லி கான்ட்டர் எழுதிய 'குளோரி ஃபார் மீ'. அதில் ஹோமருக்குக் கைகள் உண்டு. தசைகள் அவன் வசமின்றி இழுக்கும் நிலையினால் அவன் துன்புறுகிறான். அத்தகையவனை எந்த நடிகராலும் நம்பத்தக்கவாறு நடித்துக் காட்ட இயலாது என்று அஞ்சியே வைலரும் கதைவசனம் எழுதிய ராபர்ட் ஷெர்வுட்டும் வேடத்தை மாற்றி, ரசலுக்கேற்ப அமைத்தனர். மனிதனுக்காக வேடம் மாற்றப்பட்டது நன்று. எனினும் தசை இழுப்புடைய ஒருவரையே தேடி அழைக்கலாம் என்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. ஒரு கதவு திறந்தபோதே மற்றொன்று ஓசையின்றி மூடப்பட்டது.

படத்தின் உயிர்நிலை ஓர் இரவுக் காட்சி. தன்னை மணக்க விரும்பும் வில்மாவை ஹோமர் தன் அறைக்கு அழைத்துச் செல்கிறான். அங்கே தோள்வார்களோடு கொக்கிகளைக் கழற்றிக் கட்டிலின்மேல் இடுகிறான். இரவுச் சட்டைக்குள் தானே நுழைந்துகொள்ள முடியும், பொத்தானிட முடியாது. கதவு சாத்திக்கொண்டால் அதைத் திறக்க முடியாது. இவற்றையெல்லாம் கணக்கொப்புவிப்பவனைப்போல் அவன் சொல்லி முடிக்க, அவள் பொத்தான்களைப் போட்டுவிடுகிறாள். இங்கே இரக்கத்தை எழுப்பும் தந்திரம் ஏதுமில்லை. தோள்வாரினின்று உடலை நெளித்து விடுவிக்கும் அந்த அசைவு எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் கற்றதன்று. ஒவ்வோர் இரவும் செய்து பழகிய செயல். இராப்போசனத்தில் அப்பத்தைக் கையில் ஏந்தும் நமக்கு, உடலின் உண்மை இன்னதென இக்காட்சி சொல்லுமளவுக்குப் பல அருளுரைகள் சொல்வதில்லை.

நடிப்பு என்பதே பிறனாகத் தோன்றும் கலையன்றோ, உடல் நலமுடையோர் ஊனமுற்றோராக நடித்தால் குற்றமென்ன என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. 'மை லெஃப்ட் ஃபூட்' (1989) படத்தில் கிறிஸ்டி பிரவுனாகத் தோன்றிய டானியல் டே-லூயிஸின் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவர் தம் கால்களால் நடந்துசென்று ஆஸ்கார் பரிசைப் பெற்றபோது, பார்வையாளருக்குச் சொல்லப்படாத ஓர் ஆறுதல் கிட்டியது: அந்த உடல் மெய்யன்று, வெறும் தோற்றமே. ஆதித் திருச்சபையில் கிறிஸ்துவின் உடல் தோற்றமாத்திரமே என்று போதித்தவர்களைத் திருச்சபை மறுத்துரைத்தது. தோமாவுக்குக் காட்டப்பட்ட கைகளில் காயங்கள் இருந்தன. உயிர்த்த ஆண்டவரின் இவ்வடுக்களையே அடிப்படையாகக் கொண்டு நான்சி ஐஸ்லண்ட் 1994இல் தம் 'தி டிசேபிள்டு காட்' நூலை எழுதினார் என்பதை நம் மாணவர் அறிவர்.

மேலும், பிறனாகத் தோன்றும் உரிமை ஒருவழிப் பாதையாகவே இருந்துவருகிறது. கண்ணுள்ளவர் குருடராக நடிக்கலாம். கண்ணற்றவருக்கு வழக்கறிஞர் வேடமோ தகப்பன் வேடமோ கிடைப்பதில்லை. ரசல் செய்ததும் நடிப்பே. அவர் ஹோமர் அல்லர், கடற்படையினரும் அல்லர். ஆயினும் திரையுலகம் அதை ஐயுற்றது. அவ்வொரே வேடத்துக்காக 1947இல் அவருக்கு இரண்டு ஆஸ்கார் பரிசுகள் வழங்கப்பட்டன: படத்திற் தோன்றி முன்னாள் வீரருக்கு ஊக்கமளித்ததற்காக ஒரு சிறப்புப் பரிசு; சிறந்த துணைநடிகருக்கான பரிசு மற்றொன்று. இரண்டாவது கிட்டாது என்றெண்ணியே முதலாவதை முன்கூட்டி ஏற்பாடு செய்தனர் என்பர். ஆறுதற் பரிசு தோன்றியதற்கு, மெய்ப்பரிசு நடித்ததற்கு! அதன்பின்னும் கைகளற்றவருக்கு வேடங்கள் மிகுதியாக இரா, கல்லூரிக்குத் திரும்புக என்று வைலரே அவருக்கு அறிவுரை கூறினாராம். ரசலும் படிக்கச் சென்றார். குறிப்பிடத்தக்க அடுத்த திரைப்பட வேடம் 1980இல் 'இன்சைட் மூவ்ஸ்' படத்திலேதான் வந்தது. துணைநடிகர் பரிசை 1992இல் அவர் ஏலத்தில் விற்றுவிட்டார்.

காலம் ஓரளவு மாறியுள்ளது. 2014இல் வந்த பிரெஞ்சுப் படமொன்றில் செவிடரான பெற்றோராகக் கேள்திறன் உடையோரே நடித்தனர். அக்கதையே 2021இல் 'கோடா' என்னும் பெயரில் அமெரிக்காவில் எடுக்கப்பட்டபோது, தாயாக மார்லி மாட்லினும் தகப்பனாக டிராய் காட்சரும் நடித்தனர். இருவரும் கேள்திறன் அற்றவர்கள். தகப்பன் வேடத்துக்குக் கேள்திறனுள்ள புகழ்பெற்றவரை நாடியபோது, அவ்வாறாயின் தாம் விலகுவதாக மாட்லின் உரைத்தார். 1987இல் சிறந்த நடிகை ஆஸ்கார் பெற்றவர் அவர்; 2022இல் காட்சர் துணைநடிகர் பரிசைப் பெறும்வரை 35 ஆண்டுகளாகக் கேள்திறனற்ற நடிகர் வேறெவருக்கும் அப்பரிசு கிட்டவில்லை. 'கோடா'வின் தகப்பன் முரடன், வேடிக்கைப் பேச்சினன், கடன்பட்ட மீனவன். அவன் குணமாக வேண்டுமென்று கதை எங்கும் வேண்டவில்லை. சுவிசேஷத்தின் குணமாக்கும் நிகழ்ச்சிகளையே படித்துப் பழகிய நமக்கு இது சற்று அந்நியமாகத் தோன்றக்கூடும். ஆயினும் படத்தின் பாரம் முழுவதும் கேள்திறனுள்ள மகளின் பாடலை நோக்கியே சாய்கிறது என்னும் குறையையும் சொல்லியாக வேண்டும்.

திரையுலகைக் குறைகூறும் நாம் நம் ஆலய நாடகங்களை நோக்குவோமாக. தபசுக்கால நாடகத்தில் பர்திமேயு யார்? பார்வையுள்ள வாலிபனொருவன் கண்களை மூடிக்கொண்டு தடுமாறுகிறான். சபையார் கண்ணீர் விடுகின்றனர். அதே சபையில் பார்வையற்ற ஒருவர் பின்வரிசையில் அமர்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பர்திமேயு வேடத்தைத்தான் கொடுக்கவேண்டும் என்பதன்று நம் கருத்து. பேதுருவின் வேடத்துக்கு அவரைக் கேட்டுப் பார்த்தோமா? ஊனமுற்றோர் என்பதை மாற்றுத்திறனாளிகள் என்று சுற்றறிக்கைகளில் மாற்றிக்கொண்டோம். பீடத்தின் படிகளையும், குருத்துவப் பணிக்கு வருவோரிடம் நாம் கோரும் உடற்தகுதிச் சான்றிதழையும் இன்னும் மாற்றவில்லை.